வவ்வால் தோரணம்

ரதி மனிதரை நம்புவதில்லை என்று சொன்னால் அது பாதிதான். அவள் பஸ் நேரத்தையும் நம்புவதில்லை, பால் பெட்டியில் அச்சடித்த திகதியையும் நம்புவதில்லை, “இந்தா வாறன்” என்று சொல்லிவிட்டுப் போகிற புருசனையும் நம்புவதில்லை. கடைக்காரன் ஒரு மாண்டரின் பழத்தைச் சும்மா எடுத்துக் கொடுத்தால், மற்றதெல்லாம் அழுகல் என்று முடிவுகட்டி அங்கேயே பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து எத்தனையோ வருசமாகிறது, இன்னும் ஒருவரும் அவளை ஏமாற்றியதில்லை. தன் சந்தேகம்தான் அதற்குக் காரணம் என்பது அவள் கணிப்பு.

ஆகவே அந்தச் சனிக்கிழமை வகுப்பறைக்குள் மூச்சு வாங்க வந்தவள், யன்னல் பக்கத்துத் தோரணங்கள் கவிழ்ந்திருப்பதைக் கண்டதும், காற்றடித்திருக்கும் என்று நினைக்கவில்லை. பசை விட்டிருக்கும் என்றும் நினைக்கவில்லை. ஆரோ வேணுமென்று செய்த வேலை. அதுவும் தமிழ் ஆள் செய்த வேலை.

அப்படி அவள் அடித்துச் சொன்னதில் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்துக் குருத்தோலைத் தோரணத்தில் குருவி இருக்கும். ஓலையை மடித்து நறுக்கிச் செய்கிற அந்தக் குருவிகள் கல்யாண வீட்டில் மேலே பார்க்கும், செத்தவீட்டில் கீழே பார்க்கும். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே, சிரித்துக்கொண்டு உள்ளே போகவேண்டுமா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகவேண்டுமா என்று தெரிந்துவிடும். இத்தாலியனுக்கு இதில் என்ன தெரியும்? கடைசியாக ரதி கவிழ்ந்த தோரணம் பார்த்தது பங்குனியில், டினேஷின் வீட்டு வாசலில். சியாகுல்லித் தோட்டத்தில் மாண்டரின் பழம் ஆய்ந்துகொண்டிருந்த மனிதன் மரத்தடியிலேயே சரிந்து போனான். எங்கேயோ பேரீச்சை ஓலை தேடிப் பிடித்து, மாடிக் கட்டடத்தின் தெருக் கதவில் தோரணம் கட்டினார்கள். போகிற வருகிற இத்தாலியர்கள், இன்றைக்கு உங்களுக்கு என்ன திருவிழா என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். உடலைப் பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மகள் அபிஷ்னா ரதியின் வகுப்பில்தான் படிக்கிறாள், முன் வாங்கில், சத்தமே இல்லாத பிள்ளை.

ரதியின் தோரணத்தில் குருவி இல்லை, வவ்வால். ஓலை இல்லை, செம்மஞ்சள் கடதாசியும் கறுப்புக் கடதாசியும். ஏனென்றால் அவள் வகுப்பில் அந்த மாதம் முழுக்க ஹலோவீன் என்கிற பேய்த் திருவிழா.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஹலோவீன் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரேத்தோவில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்துக்கு மேலே உள்ள அறைகளில்தான் பள்ளிக்கூடம். கிழமை நாட்களில் அங்கே இத்தாலியப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, சனிக்கிழமை பின்னேரம் தமிழ். ரதி கீழ் வகுப்பு. அடுத்த வகுப்பு கிருசாந்தினி, இங்கேயே பல்கலைக்கழகம் படித்து, இத்தாலிய மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிற இளம்பெண். இருவருக்கும் மேலே அதிபர் கோபாலசிங்கம்.

புரட்டாசி பிறந்ததிலிருந்து கீழ் வகுப்பு தேயத் தொடங்கியது. ஒருத்திக்குப் பிறந்தநாள் விருந்து, ஒருத்தனுக்குப் பந்தடி, மற்றவர்களுக்குக் காரணமே இல்லை. கோபாலசிங்கம் ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“ரதி, நவம்பர் முதலாந் திகதி பெற்றோர் எல்லாரும் பாக்க வருகினம். அதுக்கிடையிலை வகுப்பு நிமிரேல்லை எண்டா, கிருசாந்தினியின்ரை வகுப்போடை சேர்க்கிறதுதான். வேறை வழி இல்லை.”

ரதி கிழமை முழுக்க லிபெர்த்தாவில் பணக்கார வீடுகளின் குளியலறை கழுவுகிறவள். அங்கே அவள் ரத்தி, ராதா, சிலவேளை வெறும் “ஏய், கேளும்”. சனிக்கிழமை பின்னேரம் மட்டும் அவள் ரீச்சர். ஒரு சின்னக் கை அவள் சேலைத் தலைப்பை இழுத்து “ரீச்சர்” என்கிற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதையும் கிருசாந்தினிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து என்ன செய்வது?

பிள்ளைகள் ஹலோவீன் பேய்க்குப் பின்னால் ஓடுகிறார்கள் என்றால், பேயைக் கொண்டே தமிழ் படிப்பிப்பது என்று முடிவு செய்தாள். முதலில் பெயர்ச் சொற்கள்: பூசணிக்காய், வவ்வால், எலும்பு, துடைப்பம். பிறகு இடம் சொல்கிற பாடம்: பேய் எங்கே? கதிரைக்குக் கீழே. பேய் எங்கே? கதவுக்குப் பின்னாலே. கடைசியில் பிள்ளைகள் பேய் வேடம் போட்டுப் பெற்றோர் முன்னால் வந்து, “என் பெயர் பேய். நான் பலெர்மோவில் வசிக்கிறேன். எனக்குப் புட்டு விருப்பம்” என்று சொல்லவேண்டும்.

கோபாலசிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. “தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை உந்தப் பேய் பிசாசு என்னத்துக்கு?” என்றார்.

“எங்கடை ஊரிலை பேய் இல்லையோ சேர்? ஒவ்வொரு புளியமரத்துக்கும் ஒண்டு இருந்ததே” என்றாள் ரதி. அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

சுவர் முழுக்க அலங்காரம் செய்தாள். பூசணிக்காய்க்குப் பல் வைத்து, ஒவ்வொரு பல்லிலும் ஓர் எழுத்து எழுதினாள். கரும்பலகைக்கு மேலே எலும்புக்கூடு தொங்கியது. யன்னல் பக்கச் சுவரில் வவ்வால் தோரணம். நூலில் கோக்காமல் ஒவ்வொன்றாக ஒட்டு நாடாவால் ஒட்டினாள், ஒவ்வொரு வவ்வாலும் மேலே பார்க்க. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்கு வகுப்பில் கேள்விக்குமேல் கேள்வி. பேய் பாஸ்தா தின்னுமோ, பேய்க்குக் காய்ச்சல் வருமோ என்று பொடியள் கத்தினார்கள். முன் வாங்கிலிருந்து அபிஷ்னாவும் ஒன்று கேட்டாள்.

“ரீச்சர், செத்தாக்கள் வரேக்கை அவைக்கு எப்பிடி வீடு தெரியும்?”

“அடையாளம் பாத்து வருவினம், பிள்ளை. கதையாமல் பூசணிக்குப் பல்லுக் கீறு” என்று சொல்லிவிட்டு ரதி அடுத்த வாங்குக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமைதான் தோரணம் கவிழ்ந்தது.

பாடம் நடத்திக்கொண்டே ரதி மனதுக்குள் விசாரணை நடத்தினாள். அறைப் பூட்டின் திறப்பு இருப்பது கோபாலசிங்கத்திடமும் கிருசாந்தினியிடமும். கோபாலசிங்கத்துக்குக் கோபம் வந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அவருக்கு ஒளித்துச் செய்யத் தெரியாது. அப்படியானால் மிச்சம் ஒருத்திதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் ஆளாக வந்து கதவு திறப்பவளும் அவள்தான். ரதி லிபெர்த்தாவில் வேலை முடித்துப் பஸ் பிடித்து ஓடிவரும்போது மற்ற எல்லாரும் வந்திருப்பார்கள். வகுப்பு இரண்டும் ஒன்றானால் லாபம் யாருக்கு? பெற்றோர் வந்து பார்த்து, “இதென்ன, வகுப்பா செத்தவீடா?” என்று கேட்டால் யாருக்குச் சந்தோஷம்? பெட்டை நல்லாத்தான் திட்டம் போட்டிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. வவ்வால்களை நிமிர்த்தி ஒட்டிவிட்டு, கிருசாந்தினியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். கிருசாந்தினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் ரதி சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் அல்ல ரதி. இந்தக் குணம் அவளுக்கு ஒரு சீஸ் துருவியால் வந்தது.

பலெர்மோவுக்கு வந்த முதல் வருசம் அவளுக்கு லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் வேலை. வீட்டு எசமானி நல்ல சிஞ்ஞோரா, மரியாதையாகப் பேசுகிற பெண். நவம்பர் பிறக்கிற நேரத்தில் ஒருநாள் சமையலறையில் சீஸ் துருவியைக் காணவில்லை. சிஞ்ஞோரா ஏசவில்லை. “ரத்தி, துருவியைக் கண்டீரா?” என்று புன்சிரிப்போடு கேட்டாள். சற்று நேரம் கழித்து அதே சிரிப்போடு மறுபடியும் கேட்டாள். ரதி வீட்டுக்குக் கிளம்பும்போது, “பை பாரமாயிருக்கே” என்று சொல்லி அவள் பையைத் தூக்கிக் கொடுத்தாள். தூக்கிய கை பையை ஒரு தரம் அழுத்திப் பார்த்ததை ரதி கண்டாள். காது வரை சூடேறியது. எடுக்காத ஒன்றுக்கு எடுத்தவள்போல முகம் சிவந்துபோய்ப் படி இறங்கினாள்.

இரண்டு நாள் கழித்துத் துருவி கிடைத்தது. சிஞ்ஞோராவின் சின்ன மகன் அதைத் தன் விளையாட்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். இந்த ஊரில் நவம்பர் இரண்டாந் திகதிக்கு முதல் இரவு செத்துப்போன சொந்தக்காரர் திரும்பி வந்து, நல்ல பிள்ளைகளுக்கு இனிப்பும் விளையாட்டுச் சாமானும் வைத்துவிட்டுப் போவார்களாம். குழப்படிப் பிள்ளை என்றால் துருவியை எடுத்துக் காலைத் துருவிவிடுவார்களாம். அதனால் பிள்ளைகள் முன்கூட்டியே துருவியை ஒளித்துவிடுவது வழக்கமாம். சிஞ்ஞோரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வீடே சிரித்தது. பையைத் தொட்டதற்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ரதி ஒரு முடிவெடுத்தாள். பிறர் சந்தேகத்துக்கு ஆளாவதைவிட, தான் முந்திக்கொண்டு சந்தேகப்படுவது மேல். அப்போது முகம் சிவப்பது மற்றவராக இருக்கும்.

அடுத்த சனிக்கிழமையும் வவ்வால்கள் கவிழ்ந்திருந்தன. போனதரத்தைவிடக் கூடுதலாக. ரதி கிட்டப் போய்த் துப்பறிந்தாள். வாங்கில் ஏறி நின்றால் எட்டுகிற உயரத்தில் இருந்தவை மட்டும்தான் கவிழ்ந்திருந்தன. மேல் வரிசை தப்பியிருந்தது. கிருசாந்தினி கட்டை ஆள். போதாக்குறைக்கு, கவிழ்த்து ஒட்டிய நாடா ரதியுடையது அல்ல, சின்னச் சின்னப் பூப்போட்டது. அந்தப் பூப்போட்ட நாடா கிருசாந்தினியின் மேசையில் எல்லாரும் பார்க்கக் கிடந்தது.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ரதி நடையில் நின்றுகொண்டிருந்த கோபாலசிங்கத்தைக் கூப்பிட்டாள். கிருசாந்தினியையும் கூப்பிட்டாள். பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு.

“கிருசாந்தினி, இஞ்சை ஒருக்கா வாரும். உது ஆற்றை நாடா?”

“என்ரைதான் அக்கா.”

“அப்ப உது ஆற்றை வேலை?”

கிருசாந்தினி சுவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். பிறகு ரதியைப் பார்த்தாள்.

“நான்தான் அக்கா. வவ்வால் தலைகீழாத்தானே தொங்கும். அதுதான் திருப்பி விட்டனான்.”

“தலைகீழாத் தொங்குமோ! கேட்டியளோ சேர்? நான் பிள்ளையளைச் சேர்க்கப் பாடுபடுறன், இவ என்ரை வகுப்புக்குச் செத்தவீட்டுத் தோரணம் கட்டுறா. பெற்றோர் வரேக்கை பறையும் அடிப்பீரோ?”

கோபாலசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை, உமக்குத் தோரணம் தெரியாதோ?”

“தெரியும் சேர்.”

“தெரிஞ்சுகொண்டோ செய்தனீர்?”

கிருசாந்தினியின் முகம் காது வரை சிவந்திருந்தது. கோபாலசிங்கம் அவளிடமிருந்து திறப்பை வாங்கி ரதியிடம் கொடுத்தார். பெற்றோர் வருகிற அன்றைக்கு நீர் வரத் தேவையில்லை, மிச்சம் பிறகு யோசிப்போம் என்றார். கிருசாந்தினி தலையாட்டிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனாள். கண் நிறைந்திருந்ததை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

ரதிக்குச் சந்தோஷம். பொய் சொல்வானேன், நல்ல சந்தோஷம். வவ்வால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தும்போது பாட்டுக்கூட வாயில் வந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதென்ன, கேட்டவுடனே ஒப்புக்கொள்கிறது? செய்தவள் என்றால் முதலில் இல்லை என்றல்லவா சொல்லவேண்டும்? நாடா என்னுடையது, கை என்னுடையதில்லை என்று ஒரு சொல் சொன்னால்கூடப் போதுமே. ரதிக்கு ஒப்புதல் வாக்குமூலத்திலும் சந்தேகம் வந்துவிட்டது. இதற்குள்ளே இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. அதைவிட, காது வரை ஏறிய அந்தச் சிவப்பை அவளுக்கு எங்கேயோ தெரியும். அந்தக் கிழமை முழுக்க அது கண்ணுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இனிப்புக் கடைக் கண்ணாடிகளில் பாதாம் மாவில் செய்து சாயம் பூசிய பழங்களும் சீனிப் பொம்மைகளும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. செத்தவர்களின் இரவு நெருங்கிவிட்டது. ரதி அவற்றைப் பார்க்காமலே கடந்து போனாள்.

நவம்பர் முதலாந் திகதி விடுமுறை. ரதி எல்லாருக்கும் முதல் வந்து கதவு திறந்தாள். வவ்வால்கள் நிமிர்ந்தபடியே இருந்தன. பார்த்தீரா, திறப்பு கை மாறியதும் எல்லாம் நேராகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரிப்பை உதறிக்கொண்டிருக்கும்போது கீழே வாசலில் அபிஷ்னாவின் தாய் நின்று கூப்பிட்டாள். பிள்ளை தலையணை உறையில் கண்ணுக்கு ஓட்டை போட்டுப் பேய் வேடத்தில் நின்றது.

“ரீச்சர், இவளை இப்பவே விட்டிட்டுப் போகட்டோ? எனக்கு இண்டைக்கும் வேலை. ஒவ்வொரு சனியும் கிருசாந்தினிதான் வேளைக்கு வந்து இவளைப் பாக்கிறவ.”

“அப்பிடியோ? எனக்குத் தெரியாதே. விட்டிட்டுப் போங்கோ.”

பிள்ளையை மேலே கூட்டிவந்து இருத்திவிட்டு, ரதி பக்கத்து அறையிலிருந்து கதிரை எடுக்கப் போனாள். இரண்டு கதிரையோடு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அபிஷ்னா வாங்கில் ஏறி நின்றாள். தலையணை உறையைத் தலைக்கு மேலே சுருட்டி விட்டிருந்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, வவ்வாலின் நாடாவை நகத்தால் மெதுவாக உரித்து, கிழியாமல் எடுத்து, தலைகீழாகத் திருப்பி ஒட்டினாள். ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டாள்.

ரதிக்கு அப்போதுகூட முதலில் வந்தது சந்தேகம்தான்.

“ஆர் உனக்குச் சொல்லித் தந்தது? கிருசாந்தினியோ?”

பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஒருத்தரும் இல்லை ரீச்சர். நானாத்தான்.”

“ஏன் திருப்புறாய்?”

“இண்டைக்கு இரவு செத்தாக்கள் வருகினமெல்லே. இத்தாலிப் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் வருகினம். மார்த்தினாவுக்குப் போன வருசம் அவளின்ரை செத்துப்போன நொன்னோ, தாத்தா, சைக்கிள் கொண்டந்தவர்.”

“அதுக்கு?”

“அப்பாவுக்கு எங்கடை புது வீடு தெரியாது.” பிள்ளை, கணக்குச் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள். “அப்பா செத்தாப் பிறகுதானே நாங்கள் வீடு மாறினனாங்கள். மற்றப் பிள்ளையளின்ரை ஆக்களுக்கு இஞ்சை கல்லறை இருக்கு. அப்பாவை ஊருக்கு அனுப்பிப் போட்டினம். ஆனா இந்தப் பள்ளிக்கூடம் அவருக்குத் தெரியும். சனிக்கிழமை அவர்தானே கொண்டந்து விடுறவர்.”

ரதி கதிரைகளைக் கீழே வைத்தாள்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள், அடையாளம் பாத்து வருவினம் எண்டு. அப்பா செத்தேக்கை எங்கடை வாசல்லை உது இப்பிடிக் கீழை பாத்துத்தான் தொங்கினது. கண்டாரெண்டா, தனக்குக் கட்டினது எண்டு தெரியும்.”

“கிருசா அக்காவுக்கு இது தெரியுமோ?”

“ஓம். போன கிழமை கண்டவ. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவ.”

ரதி வாங்கில் உட்கார்ந்தாள். காது வரை ஏறிய சிவப்பு எது என்று இப்போது தெரிந்தது. துருவி எடுக்காதவளின் சிவப்பு அது. அன்றைக்கு ரதியாவது எடுக்காமல் சிவந்தவள். கிருசாந்தினி ஒரு பிள்ளைக்காகத் தெரிந்துகொண்டே சிவந்து நின்றாள். முந்திக்கொண்டு சந்தேகப்பட்டு, தன் கையாலேயே கிருசாந்தினியின் பையை அழுத்திப் பார்த்த மாதிரி ரதிக்கு இருந்தது. வெட்கம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது.

ஆனால் கீழே வாசலில் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பெற்றோர் வந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்குத்தான் வகுப்பின் தலையெழுத்து. ரதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“பிள்ளை, இப்ப நிமித்தி விடுவம். நிகழ்ச்சி முடிஞ்சு எல்லாரும் போனாப் பிறகு நான் எல்லாத்தையும் திருப்பி விடுறன். அப்பா இரவுதானே வருவார்?”

அபிஷ்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இல்லை ரீச்சர். நீங்கள் திருப்பமாட்டியள். ஒவ்வொரு கிழமையும் நான் திருப்பத் திருப்ப நீங்கள்தானே நேராக்கினனீங்கள்.”

ஒருவரையும் நம்பாத ரதி, தன்னை நம்பாத ஒரு ஆளை முதல்முதலாக நேருக்கு நேர் பார்த்தாள். ஏழு வயது, தலையில் தலையணை உறை.

எழுந்தாள். கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். பிள்ளைக்கு எட்டாத மேல் வரிசையை ஒவ்வொன்றாக உரித்துத் தன் கையாலேயே கவிழ்த்து ஒட்டினாள். கடைசி வவ்வாலை அழுத்தும்போது முதல் பெற்றோர் உள்ளே வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் பிள்ளைகளைத்தான் முதலில் பார்த்தார்கள், சுவரைப் பிறகு பார்த்தார்கள். சிரிப்புக் குறைந்தது. ஒரு தாய் அடுத்தவளின் காதுக்குள் என்னவோ சொன்னாள். ஒரு தகப்பன், “இதென்ன, தோரணம் பிழையாக் கிடக்கு?” என்று வாய்விட்டே கேட்டார். கோபாலசிங்கம் வந்து நின்று பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

“ரதி, உதென்ன? கிருசாந்தினி வந்தவவோ?”

முன் வாங்கில் ஒரு தலையணை உறை அசையாமல் இருந்தது. ஓட்டைகளுக்குள் இரண்டு கண் ரதியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்லை சேர். நான்தான் திருப்பினன். வவ்வால் தலைகீழாத்தானே தொங்கும்.”

“போன கிழமை நீங்கள்தானே…”

“போன கிழமை நான் கதைச்சது பிழை சேர். கிருசாந்தினி ஒண்டும் செய்யேல்லை. அவவை நான் வீணாப் பழி சொல்லிப்போட்டன்.”

எல்லார் முன்னாலும் சொன்னாள். பழி சொன்னதும் எல்லார் முன்னாலும்தானே. நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. பேய்கள் வரிசையாக வந்து, தங்களுக்குப் புட்டு விருப்பம் என்று சுத்தத் தமிழில் சொல்லிப்போயின. சிலர் கை தட்டினார்கள். ஆனால் செத்தவீட்டுத் தோரணத்துக்குக் கீழே பிள்ளையை இருத்த மாட்டேன் என்று ஒரு தாய் நடுவிலேயே மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் போனதும் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசியில் கோபாலசிங்கம் ரதியை ஒதுக்கிக் கூப்பிட்டு, தை மாதத்திலிருந்து கீழ் வகுப்பைக் கிருசாந்தினியின் வகுப்போடு சேர்ப்பதாகச் சொன்னார். விரும்பினால் நீங்கள் உதவிக்கு நிற்கலாம் என்றார். ரதி தலையாட்டினாள். நெஞ்சு எரிந்தது. அது எரியவில்லை என்று சொல்ல அவளால் முடியாது.

அறையைக் கூட்டிவிட்டுக் கிருசாந்தினிக்குப் போன் எடுத்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாதவள், எங்கே தொடங்குவதென்று தெரியாமல், “பிள்ளை, நான்… அபிஷ்னா சொன்னவள்” என்றாள்.

அந்தப் பக்கத்தில் கிருசாந்தினி கேட்ட முதல் கேள்வி, “பிள்ளையை ஒருத்தரும் ஏசேல்லையே அக்கா?” என்பதுதான்.

“இல்லையம்மா. நான்தான் எண்டு சொல்லிப்போட்டன்.”

பிறகு கிருசாந்தினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அக்கா, நான் போன கிழமையே எல்லாம் வாங்கி வைச்சிட்டன். சீனிப் பொம்மை ஒண்டு, பாதாம் பழங்கள், வர்ணப் பென்சில். அவளின்ரை வாங்குக்குக் கீழை வைப்பம் எண்டு. திறப்புத்தான் இல்லை.”

“இப்பவே வாரும். நான் வாசல்லை நிக்கிறன்.”

மறுநாள் காலை தாயும் மகளும் வந்தார்கள். ஒருக்கா வந்து பாருங்கோ என்று ரதிதான் சொல்லியிருந்தாள். கிருசாந்தினியும் வந்து ஒரு பக்கம் நின்றாள். ரதி கதவைத் திறந்தாள். அபிஷ்னா நேரே தன் வாங்குக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். பொதியை வெளியே எடுத்தாள். தாய் வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளை துள்ளவில்லை. பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை ரதிக்கு நன்றாகத் தெரியும். பலெர்மோவில் அந்தப் பார்வையின் மொத்த வியாபாரியே அவள்தானே.

“கிருசா அக்கா, நீங்களோ வைச்சது?”

“நானோ? என்னட்டைத் திறப்பே இல்லையே.”

“அப்ப திறப்பு ரீச்சரிட்டைத்தானே இருக்கு?”

திறப்பு ரதியின் கையிலேயே இருந்தது. ஒளிக்கவும் முடியவில்லை. எத்தனை பேரை எத்தனை தரம் இப்படி மடக்கியிருப்பாள்! இந்தப் பிள்ளை மட்டும் என்னை நம்பிவிடவேண்டும், கடவுளே, ஒரேயொரு தரம் கேள்வி கேட்காமல் நம்பிவிடவேண்டும் என்று மன்றாடினாள். வாய் திறக்கப் பயமாக இருந்தது.

அபிஷ்னா யோசித்தாள். நன்றாக யோசித்தாள்.

“செத்தாக்களுக்குத் திறப்புத் தேவையில்லைத்தானே ரீச்சர்?”

“தேவையில்லை, பிள்ளை.”

“அப்ப சரி.”

பொதியைத் தாயிடம் ஓடிப்போய்க் கொடுத்தாள். தாய் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை திரும்பி வந்து வாங்கில் ஏறி, தான் கவிழ்த்த வவ்வால்களை ஒவ்வொன்றாக உரித்தாள்.

“இனி நேராக்குவம். அப்பா வந்திட்டுப் போட்டார்.” மேல் வரிசையை அண்ணாந்து பார்த்தாள். “உது எட்டாது ரீச்சர். தூக்குங்கோ.”

ரதி திறப்பைக் கிருசாந்தினியின் கையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். அபிஷ்னா ஒரு கையால் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“விடமாட்டியள்தானே?”

“விடமாட்டன்.”

பிள்ளை சுவரிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையாலும் முதல் வவ்வாலை உரிக்கத் தொடங்கினாள்.